அளக்கும் கருவியும் ஆராயும் அறிவும்

நுழையும்முன்

வெப்பநிலைமானியும் நிறுத்துக்கடிகாரமும் இருந்த ஆய்வக மேசைகளுக்கு இன்று உணரிகளும், அவை தரும் தரவுகளைத் திரட்டும் மென்பொருள்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எவற்றைக் காட்டுகின்றன, எவற்றைக் காட்டாமல் விடக்கூடும் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

இயற்பியல் செய்முறை வகுப்பில் குளிர்வு விதியை ஆராயும்போது இருவர் சேர்ந்து பணியாற்றுவது வழக்கம். சூடான நீர் நிறைந்த கலோரிமானியில் நிற்கும் வெப்பநிலைமானியை ஒருவர் உற்றுநோக்குவார். மற்றவர் கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்திற்கு ஒருமுறை குரல் கொடுப்பார். முதலாமவர் சொல்லும் அளவு பதிவேட்டில் ஏறும். பின்னர் வரைபடத்தாளில் புள்ளிகளை இட்டு வளைகோடு வரைவார்கள். எம் தலைமுறை ஆசிரியர்கள் அனைவரும் இவ்வழியில் பயின்றவர்களே. ஒவ்வோர் எண்ணும் கண்வழியாகவும் கைவழியாகவும் கடந்து செல்வதால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதில் மாணவருக்கு ஐயம் எழுவதில்லை. இது பழைய முறையின் பெருஞ்சிறப்பு.

எனினும் மனிதப் புலன்களுக்கு எல்லை உண்டு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் கோலிக்குண்டு தரையை அடைய ஏறத்தாழ 0.45 வினாடி ஆகும். கண்ணால் கண்டதும் விரலால் கடிகாரத்தை அழுத்த நமக்கு ஏறத்தாழ 0.2 வினாடி தேவைப்படுகிறது. அளக்கவேண்டிய காலத்தில் பாதியளவு நம் கைத்தாமதமே நிறைந்துவிடுமானால் அவ்வளவீட்டை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கு வர இயலும்?

இத்தடையைக் கலீலியோ நன்கு அறிந்திருந்தார். பொருள்கள் விழும் வேகத்தை நேரே அளக்க இயலாமையால், சாய்தளப் பலகையில் வெட்டிய பள்ளத்தின் வழியே வெண்கலக் குண்டை உருளவிட்டு இயக்கத்தை மெதுவாக்கினார். குண்டு உருளும் நேரத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் நீரைப் பிடித்து, அதன் எடையைக் கொண்டு காலத்தைக் கணித்தார். 1638இல் வெளிவந்த தம் நூலில் இம்முறையை அவரே விரித்துரைத்துள்ளார். கருவி கைகொடுக்காத இடத்தில் ஆய்வின் அமைப்பையே மாற்றிய அறிவுக்கூர்மை அது.

உணரி செய்யும் பணி

இன்று அதே கோலிக்குண்டை ஒரு திறன்பேசியின் அருகில் விழச்செய்து, விடும்போது எழும் ஓசைக்கும் தரையில் மோதும் ஓசைக்கும் இடைப்பட்ட காலத்தை அப்பேசியின் ஒலிவாங்கியைக்கொண்டே ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி நுட்பத்தில் அளக்கலாம். இங்கே ஒலிவாங்கிதான் உணரி. வெப்பம், ஒளி, அழுத்தம், ஒலி, காந்தப்புலம், முடுக்கம் போன்ற இயற்பியல் அளவு ஒன்றை மின்னளவாக மாற்றித்தரும் உறுப்பையே உணரி என்கிறோம்.

உணரி எண்ணைத் தருவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். எல்.எம்.35 என்னும் வெப்பநிலை உணரியை எடுத்துக்கொள்வோம். மூன்று கால்கள் கொண்ட சிறு கருநிறத் துண்டு அது. மின்பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். வெப்பநிலை ஒரு செல்சியஸ் பாகை உயர்ந்தால் அது வெளியிடும் மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட் உயரும். 30 பாகையில் 300 மில்லிவோல்ட். 80 பாகையில் 800 மில்லிவோல்ட். இம்மின்னழுத்தம் படிகளின்றிச் சரிவுப்பாதைபோல் தொடர்ந்து மாறும் தன்மையது. கணினிக்கோ படிக்கட்டுகளே புரியும். எனவே இடையில் ஒரு மாற்றி தேவைப்படுகிறது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இம்மின்சுற்றே உணரிக்கும் மென்பொருளுக்கும் இடையிலுள்ள பாலம்.

அப்பாலத்தில் எத்தனை படிகள் உள்ளன என்பது முதன்மையான வினா. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் எளிய மின்பலகைகள் சிலவற்றில் 10 பிட் மாற்றி உள்ளது. அதன் படிகள் 1024. ஐந்து வோல்ட் பரப்பை அது 1024 கூறுகளாகப் பிரித்தால் ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். எல்.எம்.35 உணரியின் கணக்கில் அது ஏறத்தாழ அரைப் பாகை. அதாவது, அரைப் பாகைக்கும் குறைந்த வெப்பநிலை மாற்றத்தை அவ்வமைப்பால் பெரும்பாலும் காணவே இயலாது. ஆனால், மென்பொருளின் திரையில் 36.13 என்று இரண்டு தசம இடங்களோடு எண் ஒளிரும்! வகுத்தலில் வந்த அந்தத் தசம இடங்களை அளவீட்டின் நுட்பம் என மயங்கலாகாது. 12 பிட் மாற்றியைப் பயன்படுத்தினால் படிகள் 4096 ஆகும். ஒரு படி ஏறத்தாழ 0.12 பாகையாகச் சுருங்கும். திரையில் தோன்றும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுமுன் இக்கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்ப்பது நல்லது.

எத்தனை முறை அளப்பது?

மென்பொருளைத் திறந்ததும் அது நம்மிடம் கேட்கும் முதற்கேள்வி, ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளக்க வேண்டும் என்பதே. இதனை மாதிரி வீதம் என்பர். பலர் இக்கட்டத்தில் ஏதோ ஓர் எண்ணை இட்டு நகர்ந்துவிடுகின்றனர். ஆய்வின் உண்மை பெரும்பாலும் இந்த ஓர் எண்ணில்தான் தங்கியிருக்கிறது.

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள தனிஊசலின் அலைவுக்காலம் 2 வினாடி. அதன் இருப்பிடத்தை 2 வினாடிக்கு ஒருமுறை மட்டும் அளந்தால் என்னவாகும்? ஒவ்வொரு முறையும் ஊசல் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். வரைபடத்தில் கிடைக்கோடு தோன்றும். ஆடிக்கொண்டிருக்கும் ஊசலை அசையாமல் தொங்குவதாகக் கருவி அறிவித்துவிடும். திரைப்படத்தில் ஓடும் தேரின் சக்கரம் சில வேளைகளில் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படும் காட்சியில், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே ஆரக்கால் நகரும் தொலைவே அம்மாயத்தைச் செய்கிறது. ஒலியிலும் இதுவே நிகழும். வினாடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட இசைக்கவையின் ஒலியை வினாடிக்கு 400 முறை மட்டும் அளந்தால், 40 அதிர்வுகள் கொண்ட இல்லாத ஒலியொன்று வரைபடத்தில் உருவாகும். எந்த அலையை அளக்கிறோமோ அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்கிற்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்னும் விதி நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்குகிறது.

அவ்வாறாயின் எப்போதும் மிக உயர்ந்த வீதத்தையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரு மணி நேரம் குளிரும் நீரை வினாடிக்கு ஆயிரம் முறை அளந்தால் 36 இலட்சம் எண்கள் குவியும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே செய்தியையே திரும்பத் திரும்பச் சொல்லும். குளிரும் நீருக்கு வினாடிக்கு ஒன்று தாராளம். மோதும் பந்துக்கு ஆயிரமும் போதாமல் போகலாம். மாற்றத்தின் வேகத்தை முன்கூட்டி எண்ணிப் பார்ப்பவரே வீதத்தைச் சரியாக வைக்க முடியும்.

உணரிக்கும் தனக்கென ஒரு தாமதம் உண்டு. அறை வெப்பநிலையாகிய 30 பாகையில் இருந்த உணரியை 80 பாகை நீரில் இட்டவுடன் அது 80 எனக் காட்டிவிடாது. அதன் மாறிலிக்காலம் 5 வினாடி எனில், ஐந்தாம் வினாடியில் இடைவெளியின் 63 விழுக்காட்டைத்தான் கடந்திருக்கும். திரையில் 62 பாகையை ஒட்டியே காட்டும். 25 வினாடியளவில்தான் 80ஐ நெருங்கும். அந்த முதல் 25 வினாடிகளின் வளைகோடு, நீரைப் பற்றிய செய்தியன்று. உணரி தன்னைச் சூடேற்றிக்கொண்ட கதை.

அளவுத்திருத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். உருகும் பனிக்கட்டியில் 0 பாகை, கொதிக்கும் நீரில் 100 பாகை என இரு புள்ளிகளைக்கொண்டு வெப்பநிலை உணரியைச் சரிபார்ப்பது எளிய முறை. ஆனால், கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கும் மேலுள்ள உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். அங்குள்ள மாணவர் 100 என்று கருதித் திருத்தினால், நன்றாக இருந்த உணரியும் அன்றுமுதல் பிழையாகவே காட்டும்.

இடையறாத பதிவின் பயன்

இத்தனை எச்சரிக்கைகளையும் கேட்டபின், இக்கருவிகள் எதற்கு என்று எண்ணிவிடலாகாது. இமைக்காமல் அளக்கும் ஆற்றல் மனிதருக்கு இல்லை. அது கருவிக்கு உண்டு. வளிமண்டலத்திலுள்ள கார்பன் டைஆக்சைடை அளக்க, அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் அகச்சிவப்புக் கதிர்வழி இயங்கும் கருவியொன்றை நிறுவினார். தொடக்கத்தில் பத்து இலட்சத்திற்கு 313 பங்கு என்ற அளவு பதிவாயிற்று. அக்கருவி ஓயாமல் பதிவுசெய்தமையால் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. வட அரைக்கோளத்தின் தாவரங்கள் தழைக்கும் காலத்தில் அவ்வாயு குறைகிறது. அவை உதிரும் காலத்தில் கூடுகிறது. உலகம் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சு வாங்கி விடுவது போன்ற காட்சி இது. மற்றொன்று, இவ்வேற்ற இறக்கத்தோடு ஆண்டுச் சராசரியும் விடாமல் உயர்ந்துகொண்டே செல்கிறது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த அளவீடுகளிலிருந்து இச்சீரான உயர்வை ஐயமறக் கண்டிருக்க முடியாது.

ஒதுக்கப்பட்ட எண்கள்

கருவி திரட்டிய தரவை மென்பொருள் அப்படியே நமக்குக் காட்டுவதில்லை. இரைச்சலை நீக்கும், சராசரி எடுக்கும், எல்லைக்கு வெளியே உள்ள எண்களைத் தனியே ஒதுக்கும். அவ்வெல்லையை வகுத்தவர் மனிதரே. அந்த முடிவு எத்துணைப் பெரிய விளைவைத் தரக்கூடும் என்பதற்கு ஓசோன் படல வரலாறு சான்றாகும்.

அண்டார்க்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் 1950களின் பிற்பகுதி முதல் பிரித்தானிய ஆய்வாளர்கள் ஓசோனை அளந்துவந்தனர். டாப்சன் என்னும் அறிஞர் வடிவமைத்த பழைய ஒளியளவிக் கருவி. அதை மனிதர் நின்று இயக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் அக்டோபர் மாதச் சராசரி 300 டாப்சன் அலகுகளை ஒட்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அது சரியத் தொடங்கி, 1984 அளவில் 200க்கும் கீழே இறங்கிற்று. ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் முதலில் தம் கருவியையே ஐயுற்றனர். வேறொரு கருவி கொண்டும் அளக்கப்பட்டது. எண்கள் மாறவில்லை. 1985 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டனர்.

அதே காலத்தில், 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ் 7 செயற்கைக்கோள் நாள்தோறும் உலகம் முழுமைக்கும் ஓசோனை அளந்துகொண்டிருந்தது. அதன் உணரிகள் அண்டார்க்டிகாவின் மீதும் பறந்தன. குறைந்த அளவுகளையும் பதிவுசெய்தன. ஆயினும், 180 டாப்சன் அலகுகளுக்குக் கீழ்ப்பட்ட எண் எதுவும் ஐயத்திற்குரியது எனக் குறியிடும்படி தரவுச் செயலாக்க மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது. அதுவரை அத்துணைக் குறைந்த ஓசோனை உலகில் எவரும் கண்டதில்லை. எனவே, அவ்வெல்லை அன்று அறிவுக்குப் பொருத்தமாகவே பட்டது. கணினி அவ்வெண்களை எறிந்துவிட்டது என்று பலர் எழுதிவருகின்றனர். அது சரியன்று. எண்கள் அழிக்கப்படவில்லை, குறியிட்டு வைக்கப்பட்டிருந்தன. செயற்கைக்கோள் ஆய்வாளர்களும் அக்குறிகள் ஓரிடத்தில் மிகுந்து குவிவதைக் கண்டு அவற்றை ஆராயத் தொடங்கியிருந்தனர். மூலத்தரவு முழுமையாகக் காக்கப்பட்டமையால், அதனை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது அண்டார்க்டிகக் கண்டம் அளவிற்குப் பரந்திருந்த ஓசோன் இழப்பு படமாகவே கண்முன் விரிந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஓசோனைச் சிதைக்கும் குளோரோபுளூரோகார்பன்களைக் குறைக்க உலக நாடுகள் இசைந்தன.

உணரி பார்த்தது, மென்பொருள் குறியிட்டது. பனிவெளியில் பழைய கருவியோடு நின்ற மூவர், எதிர்பாராத எண்ணை எண்ணாகவே மதித்தமையால் முந்திக்கொண்டனர்.

இதனை நம் வகுப்பறையிலிருந்து வெகுதொலைவில் நிகழ்ந்ததாக எண்ண வேண்டா. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 எனப் பாடநூலில் படித்துவிட்டு, விடை அதற்கு வருமாறு அலைவுக்காலங்களைத் திருத்தி எழுதப்பட்ட செய்முறைப் பதிவேடுகள் எத்தனை! மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், அந்த மாணவர் அன்று எதையும் அளக்கவில்லை. கையால் எழுதும்போது நிகழும் இதே செயல், மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தி ‘மிருதுவாக்கும்’போதும் நிகழக்கூடும். கலோரிமானி குளிர்ந்துகொண்டிருக்கையில் மின்தடை ஏற்பட்டு மேலே சுழன்ற மின்விசிறி நின்றுவிடுகிறது என வைத்துக்கொள்வோம். அரை நிமிடத்திற்கு ஒருமுறை கையால் குறித்தவர் அதனைக் கவனித்திருக்கமாட்டார். வினாடிக்கொரு முறை அளக்கும் உணரியோ அந்த இடத்தில் வளைகோட்டின் சரிவு தளர்வதைத் தெளிவாகக் காட்டும். அத்திருப்பத்தை அழித்துவிட்டு அழகான வளைகோடு ஒன்றை ஒப்படைக்கலாம். அல்லது, விசிறி ஓடும்போதும் நிற்கும்போதும் குளிர்வு வீதம் எவ்வளவு என இரண்டாகப் பிரித்து எழுதலாம். பின்னதற்கே ஆய்வு என்று பெயர்.

எளிதில் கிட்டும் கருவிகள்

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய ‘எக்ஸ்பைஸ்’ என்னும் கையடக்கக் கருவி, கணினியோடு இணைத்து மின்னழுத்தம், காலம், ஒலி போன்றவற்றை அளக்கும் வகையில் மாணவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதன் மென்பொருளைக் கட்டணமின்றிப் பெறலாம். மூலநிரலைத் திறந்து படிக்கவும் செய்யலாம். எண்ணை அம்மென்பொருள் என்ன செய்கிறது என்பதை நாமே பார்க்கமுடியும் என்பதால், விலைகொடுத்து வாங்கும் மூடிய மென்பொருளைவிட இதனையே நான் பரிந்துரைப்பேன். ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று 2016இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி, திறன்பேசியினுள் ஏற்கெனவே உள்ள உணரிகளைக்கொண்டே ஆய்வு செய்ய உதவுகிறது. காற்றழுத்த உணரி உள்ள பேசி கிடைத்தால் பள்ளியின் மாடிப்படிகளில் ஏறிப் பாருங்கள். ஒரு மீட்டர் உயர ஏறத்தாழ 0.12 ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறையும். ஒவ்வொரு தளமும் வரைபடத்தில் ஒரு படியாகத் தெரியும்.

பதிவேட்டில் எழுதும்போது உணரியின் பெயர், அதன் அளவெல்லை, மாதிரி வீதம், அளவுத்திருத்தம் செய்த நாள் ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மூலத்தரவுக் கோப்பில் கை வைக்காமல் அதன் படியொன்றிலேயே திருத்தங்களைச் செய்தல் வேண்டும்.

குளிர்வு ஆய்வு முடிந்ததும் உணரியை நீரிலிருந்து வெளியே எடுத்துவிட்டுப் பதிவை நிறுத்திவிடுவதே வழக்கம். இம்முறை நிறுத்தாமல் விட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலை 30 பாகை எனில், கோடு 30க்கு இறங்கி அங்கே நிற்க வேண்டும் என்றே எதிர்பார்ப்போம். அது 30ஐத் தாண்டிக் கீழே இறங்கும். சற்று நேரம் அங்கே தங்கிப் பின்னர் மெல்ல ஏறி 30ஐ அடையும். உணரி பழுதாகிவிட்டதோ என்று ஐயம் தோன்றும். உணரியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய நீர்ப்படலம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் இதனாலேதான். படலம் உலர்ந்து முடியும் கணத்தில் கோடு மேலெழத் தொடங்குகிறது. மழைநாளில் அப்பள்ளத்தின் ஆழம் குறைந்திருக்கும். வறண்ட கோடை நண்பகலில் மிகுந்திருக்கும். இரு நாள்களிலும் இவ்வாய்வைச் செய்து, இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் வரைந்து, அன்றைய காற்றின் ஈரப்பதத்தை அருகில் குறித்து வகுப்பிற்குக் கொண்டுவாருங்கள்.